கணக்குப் பீரியடில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை

கேள்வி: "கணிதத்தில் பட்டம் வாங்கியிருக்கிறேன். சிறப்புக் கல்வியில் பி.எட். சேர ஆசை. ஆனால் யாரிடம் சொன்னாலும் 'ரொம்பப் பொறுமை வேணும், மனசு கனத்துப் போயிடும்' என்கிறார்கள். அந்த வகுப்பறையில் சந்தோஷம் என்று ஏதாவது இருக்கிறதா? அதுவும் கணக்குப் பாடத்தில்?"

இருக்கிறது. மற்றப் பாடங்களைவிடக் கணக்கில்தான் அதிகம் என்றுகூடச் சொல்வேன். ஒரு பிள்ளை கணக்கில் வேடிக்கையாக ஒன்றைச் சொன்னால், அந்தப் பிள்ளையின் மனதில் எண் இப்போது எங்கே நிற்கிறது என்பது அப்படியே வெளியே தெரிந்துவிடும். மறுநாள் பாடத்தை எங்கே தொடங்குவது என்பதையும் அந்தச் சிரிப்பே சொல்லிவிடும். அதனால் எங்கள் வேலையில் சிரிப்பு ஒரு கருவி. அதைக் கவனித்துக் கேட்கப் பழகியவர்தான் நல்ல கணக்கு டீச்சர் ஆகிறார் என்பது என் எண்ணம்.

நான் ஒரு சிறப்புப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். மாலையில், சாதாரணப் பள்ளியில் படித்துக்கொண்டு கணக்கில் மட்டும் திணறும் பிள்ளைகள் சிலரும் வருவார்கள். யாரென்று தெரியாதபடி அவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் எண்ணுவது. ஐந்து புளியங்கொட்டையை வரிசையாக வைத்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று விரல் வைத்துச் சரியாக எண்ணும் பிள்ளையிடம், "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். திரும்பக் கேட்டால் திரும்ப எண்ணும். கடைசியாகச் சொன்ன "அஞ்சு" என்பதுதான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் எண்ணுதலுக்குள் ஐந்து விதிகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்; சொற்களின் வரிசை மாறக்கூடாது; கடைசிச் சொல்லே மொத்தம்; எதை வேண்டுமானாலும் எண்ணலாம்; எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம். பெரும்பாலான வீடுகளில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே இதையெல்லாம் தாண்டிவிடும், யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒவ்வொன்றும் தனித்தனிப் படி. ஒவ்வொன்றையும் பிள்ளை ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுமி அந்த மூன்றாவது படியில் வெகுநாள் நின்றாள். பட்டன், பாட்டில் மூடி, முறுக்கு, செருப்பு என்று எதை எண்ணினாலும் "எத்தனை?" என்றவுடன் முதலிலிருந்து தொடங்குவாள். ஒருநாள் வழக்கம்போல "மொத்தம் எத்தனைடா?" என்றேன். இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பத்தான அஞ்சுன்னு சொன்னேன்? காது கேக்கலயா மிஸ்?" எனக்கு உட்கார முடியவில்லை. கொட்டைகளை ஒரு டம்ளரால் மூடிவிட்டு மறுபடி கேட்டேன். "அஞ்சு! அஞ்சு! அஞ்சு!" என்று டம்ளரைத் தட்டித் தட்டிக் கத்தினாள். பக்கத்து வகுப்பு மிஸ், ஆயாம்மா, வேன் டிரைவர் அண்ணன் எல்லாரும் வந்து ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாருக்கும் திட்டு விழுந்தது. பிறகு கொட்டைகளை வட்டமாக மாற்றி வைத்தபோது மட்டும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினாள். அடுத்த மாதத்துக்கு என்ன வேலை என்பது அதில் தெரிந்துவிட்டது.

இருபத்தொன்பதுக்குப் பிறகு "இருபத்திப் பத்து" என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம். அதைக் கேட்டுத் திருத்தும் முன் ஒரு நிமிடம் மகிழ்ந்துகொள்வேன். இதுவரை பாட்டுபோல ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது வரிசைக்குள் ஒரு விதி இருப்பதைக் கண்டுபிடித்து, அதை வைத்துத் தானே அடுத்த எண்ணைச் செய்து பார்க்கிறது. நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதும் அதே வகை.

இன்னொரு பையன் விடுமுறை முடிந்து வந்ததும் கூட்டல் நோட்டில் 0 + 0 = 12 என்று எழுதினான். மற்ற எல்லாக் கணக்கும் சரி, அது மட்டும் அப்படி. அழித்துவிட்டு எழுதச் சொன்னால் மறுபடி 12. விசாரித்தால், லீவு முழுக்கப் பாட்டியோடு தாயம் விளையாடியிருக்கிறான். தாயக்கட்டையின் நான்கு முகங்களில் 1, 2, 3, அப்புறம் ஒரு வெறும் முகம். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பது ஆட்டத்தின் விதி. பாட்டி சொன்னது தப்பாக இருக்க முடியாது என்பதில் அவன் உறுதியாக இருந்தான், எனக்கும் பாட்டியைத் தப்பென்று சொல்ல மனமில்லை. தாயக்கட்டையை வகுப்புக்கே கொண்டுவரச் சொன்னேன். இரண்டு காலித் தட்டில் உள்ள பிஸ்கட்டைக் கூட்டச் சொன்னால் "ஒண்ணுமே இல்ல மிஸ்" என்றான். கட்டையை உருட்டினால் "பன்னெண்டு!" என்று குதித்தான். கடைசியில் அவனே ஒரு தீர்ப்பு சொன்னான்: "கட்டைன்னா பன்னெண்டு, நோட்டுன்னா சைபர்." ஒரே குறி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வேலை செய்யும் என்பதை அறிவுசார் குறைபாடு உள்ள பதினோரு வயதுப் பையன் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

கழித்தலுக்கு வருவோம். 42-இல் 17 போக எவ்வளவு? நாமெல்லாம் படித்த முறை தெரியும்தானே: ரெண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டு நாலிடம் ஒன்றைக் கடன் வாங்கு. இதைச் சொன்னதும் ஒரு பையன் முகம் மாறிவிட்டது. "எப்ப மிஸ் திருப்பிக் குடுக்கணும்?" அவன் வீட்டில் குழுக் கடன். வாரா வாரம் வசூலுக்கு ஆள் வரும், அன்று காலையிலிருந்தே அம்மா பரபரப்பாக இருப்பார். கடன் என்றால் என்னவென்று எங்கள் எல்லாரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் போட்ட விடை 35. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, சரி. பத்துகளில் நாலில் ஒன்று போக மூன்று. "கடன் வாங்கினதால அங்க மூணுதான இருக்கு?" என்றேன். "அதான் திருப்பிக் குடுத்துட்டேன்ல" என்றான்.

இதைவிட நேர்மையான தவறான விடையை நான் பார்த்ததில்லை. அவன் சொல்வதில் நியாயமும் இருக்கிறது, கடன் என்றால் திருப்பித்தானே ஆக வேண்டும்? அந்தக் கழித்தலில் உண்மையில் யாரும் கடன் வாங்குவதில்லை, ஒரு பத்து பத்து ஒன்றுகளாக உடைகிறது, அவ்வளவுதான். அதனால் நோட்டும் சில்லறையுமாகக் கையில் கொடுத்துவிட வேண்டும். நாலு பத்து ரூபாய் நோட்டு, ரெண்டு ஒத்த ரூபாய். கடைக்காரர் பதினேழு கேட்கிறார். சில்லறை பத்தாது. ஒரு நோட்டைக் கொடுத்துப் பத்து ஒத்த ரூபாய் மாற்றிக்கொள். இப்போது மூன்று நோட்டு, பன்னிரண்டு நாணயம். ஒரு நோட்டும் ஏழு நாணயமும் போனால் மீதி ரெண்டு நோட்டு, அஞ்சு நாணயம். அந்தப் பையன் முதல் தடவை நோட்டை மாற்றியபோதே கேட்டுவிட்டான், "இதுல யாருக்கும் பாக்கி இல்லல்ல?" இல்லை என்றதும் நிம்மதியாக 25 என்று எழுதினான். கையில் பொருள், பிறகு படம், பிறகு எண் என்ற இந்த வரிசையை ஜெரோம் புரூனர் 1960-களில் எழுதிவைத்தார். பயிற்சிக் காலத்தில் அதைத் தேர்வுக்காகப் படிப்பீர்கள். இப்படி ஒரு பையன் "பாக்கி இல்லல்ல?" என்று கேட்கும்போதுதான் கையில் ஏன் பொருளைக் கொடுக்கச் சொன்னார்கள் என்பது உறைக்கும்.

எழுத்துக் கணக்குகள் தனி உலகம். "ராமுவிடம் 8 மாம்பழங்கள் இருந்தன" என்று தொடங்கினால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒருவராவது "ராமு யாரு? எந்த கிளாஸ்?" என்று கேட்பார்கள். சரி என்று வகுப்புப் பிள்ளையின் பெயரையே போட்டால் அந்தப் பிள்ளை பையைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கிட்ட மாம்பழம் இல்ல" என்று மறுக்கும். மாம்பழ சீசன் வரும்வரை அந்தக் கணக்கைத் தள்ளிவைத்த வகுப்பும் உண்டு. சீசன் வந்தபோது கணக்கைப் போட்டோம். மீதி என்னவோ சைபர்தான், எல்லாம் சாப்பிட்டாயிற்று.

சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் அமைப்பில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. எம்.டி.பி.எஸ். என்போம், பயிற்சியில் கட்டாயம் வரும். பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று பார்க்கும் அந்த முறையில் 18 பகுதிகள். எண், நேரம், பணம் மூன்றும் தனித்தனிப் பகுதிகள். எனக்கு அந்தப் பிரிப்பு மிகவும் பிடிக்கும். நூறு வரை எண்ணத் தெரியாத பிள்ளை பால் பாக்கெட் வாங்கிவரும். பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. ஒன்று வரவில்லை என்பதற்காக மற்றதை நிறுத்தி வைக்கக்கூடாது.

பணம்தான் எங்கள் வகுப்பில் அதிகம் சிரிக்க வைக்கும் பாடம். ஒரு தாளில், "அம்மா டவுன் பஸ்ஸில் ஏறினார். டிக்கெட் 7 ரூபாய். 10 ரூபாய் கொடுத்தார். மீதி எவ்வளவு?" என்று இருந்தது. ஒரு பெண் 10 என்று எழுதினாள். ஏம்மா என்றால், "அம்மாவுக்கு டிக்கெட் ஃப்ரீ மிஸ்." 2021-இலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பாடத்தாளுக்கு அது தெரியவில்லை. சரி, அப்பா போகிறார் என்றேன். "அப்பா பைக்ல போவாரு." நீ போகிறாய்? "எனக்கும் ஃப்ரீ. கார்டு இருக்கு." உண்மைதான், மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் அந்தச் சலுகை உண்டு. எதிர்வீட்டு மாமா? கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கு டிக்கெட் எடுக்கணும். மூணு ரூவா மீதி. ஆனா கண்டக்டர் சில்லறை இல்லம்பாரு." இந்த ஒரு பதிலில் கழித்தல் இருக்கிறது, அரசாணை இருக்கிறது, ஊர் வழக்கமும் இருக்கிறது. அந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லித்தருவோம். 37 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் கழித்தலெல்லாம் தெரிய வேண்டாம். முப்பதுக்கு மூன்று பத்து, மேலே இருக்கும் சில்லறைக்கு இன்னொரு பத்து, ஆக நாலு நோட்டைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கை நீட்டு. கழிக்கத் தெரியாத பதினெட்டு வயதுப் பெண் இதை வைத்துத் தனியாகக் கடைக்குப் போய்வருவாள். மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போன ஒருநாள், எங்கள் மாணவி ஒருத்தி பத்து ரூபாய் நாணயத்தை நீட்ட, கடைக்காரர் "இது செல்லாதும்மா" என்றார். "செல்லும்" என்றாள். நோட்டு கேட்டார். "செல்லும். மிஸ் சொன்னாங்க" என்று அதே இடத்தில் நின்றாள். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் ஒதுங்கி நின்றேன். பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்ததை வரிசையில் நின்ற ஒரு அண்ணன் எடுத்துச் சொன்னார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டார். அன்று அவள் வாங்கிய கொத்தமல்லிக்கட்டை வேன் முழுக்க எல்லாரிடமும் காட்டிக்கொண்டே வந்தாள்.

வகுப்பிலேயே கடை வைத்து விளையாடுவதும் உண்டு. அதிகம் பேசாத, ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் அந்த நேரத்தில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். கேட்ட வாக்கியங்களை அப்படியே திருப்பிச் சொல்வான், மற்றபடி பேச்சு குறைவு. ஒருநாள் சோப்பு வாங்கிய பிள்ளை ஒன்று பென்சில் டப்பாவை போன் மாதிரி நீட்டி "ஜிபே" என்றது. மேசைக்கு அடியிலிருந்து, கடைகளில் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் பெண் குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு வந்தது: "இருபது ரூபாய் பெறப்பட்டது." வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். விலை அட்டையில் 20 என்றுதான் இருந்தது. தற்செயலா என்று பார்க்க 25 அட்டையைக் கீழே நீட்டினேன். "இருபத்தைந்து ரூபாய் பெறப்பட்டது." 48. சரி. 105. அதுவும் சரி. அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில், நாங்கள் ஐ.இ.பி. என்போம், அந்தப் பருவத்துக்கான இலக்கே "20 வரை எண்களை அடையாளம் காண்பான்" என்பதுதான். மாலைக்குள் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினோம். அதன்பிறகு எங்கள் கடையில் அவன் இல்லாமல் வியாபாரம் நடக்காது. அட்டையைப் பார்த்து அவன் அறிவித்தால்தான் பணம் வந்ததாகக் கணக்கு.

நேரத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

பதிமூன்று வயதுப் பையன். முழு மணி பார்ப்பான், அரை மணி வந்தால் குழம்புவான். அட்டைக் கடிகாரம் செய்து முள்ளைத் திருப்பித் திருப்பிக் காட்டியும் நகரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கணக்கு நோட்டைத் திறக்கச் சொன்னால், நோட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினான். "ராகு காலம் மிஸ். பன்னெண்டுக்கு மேல போடுறேன்." வீட்டில் பாட்டி தினமும் காலண்டர் தாளைக் கிழிப்பாராம், கிழித்த தாள் இவனுக்கு. திங்கள் ஏழரை–ஒன்பது, செவ்வாய் மூன்று–நாலரை, புதன் பன்னிரண்டு–ஒன்றரை என்று ஞாயிறு வரை மூச்சு விடாமல் சொன்னான். அட்டைக் கடிகாரத்தைக் கையில் கொடுத்து "திங்கள் காட்டு" என்றேன். பெரிய முள்ளை ஆறில் வைத்து, சின்ன முள்ளை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வைத்தான்! ஏழு நாளும் காட்டினான். யோசித்துப் பாருங்கள், ராகு காலம் எல்லாமே முழு மணியிலோ அரை மணியிலோதான் தொடங்கும், முடியும். அரை மணி பழக்க இதைவிட நல்ல பாடத்தை நான் எழுதியிருக்க முடியாது.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் என்று எண்ணினோம். எல்லா நாளும் ஒன்றரை மணி நேரம். ஏன் என்று கேட்டான். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை பன்னிரண்டு மணி நேரத்தை எட்டாகப் பிரித்தால் ஒன்றரை. ஒரு நீளக் காகிதத்தை எட்டாக மடித்து, ஒவ்வொரு நாளுக்கும் ராகு காலம் எந்த மடிப்பில் விழுகிறது என்று வண்ணம் அடித்தான். வகுத்தல் என்ற சொல்லையே அவனிடம் நான் சொல்லவில்லை. மீதி இருந்தது வெள்ளிக்கிழமைச் சிக்கல்தான். பாட்டியிடம் போனில் கேட்டேன். "புதுசாத்தான் தொடங்கக்கூடாது டீச்சர், ஏற்கெனவே ஆரம்பிச்ச வேலையைச் செய்யலாம்" என்று தீர்ப்பு வந்தது. அதிலிருந்து வியாழக்கிழமையே ஒரு கணக்கைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவைப்போம். அதையும் ஒன்றரை மணிக்கு முன்னால் தொடங்கிவிட வேண்டும், வியாழன் ராகு காலம் அப்போதுதான்.

தேதியைச் சொன்னால் கிழமையைச் சொல்லும் பிள்ளைகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலரிடம் அந்தத் திறமை உண்டு. எல்லாரிடமும் எதிர்பார்ப்பது பிள்ளைகளுக்குப் பாரம். வருகிற விருந்தினர்கள் "உனக்கு என்ன ஸ்பெஷல் பவர்?" என்று கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை.

மாலையில் வரும் பிள்ளைகள் வேறு மாதிரி. பேச்சு, படிப்பு, ஓவியம் எல்லாம் நன்றாக வரும், எண் மட்டும் நிற்காது. லாடிஸ்லாவ் கோஷ்ச் என்ற உளவியலாளர் 1974-இல் இதை டிஸ்கால்குலியா என்று வரையறுத்தார். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தபோதுதான் டிஸ்கால்குலியாவையும் உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்ந்தது. இந்தப் பிள்ளைகள் வரும்போது சிரிக்க மாட்டார்கள். சோம்பேறி என்று பலர் வாயால் கேட்டுக் கேட்டு, விடை எழுதிய உடனே பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கம் வந்திருக்கும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மகளுக்கு 14 வயது, அப்பாவுக்கு அதைப்போல மூன்று மடங்கு என்ற கணக்குக்கு 312 என்று எழுதினாள். நாலு மூணு பன்னிரண்டு, அதை அப்படியே எழுதி, முன்னால் ஓர் மூணு மூணு. எந்த வரியும் அவளுக்கு உறுத்தவில்லை.

நாங்கள் செய்ததெல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் "நடக்குமா?" என்று எழுதி, ஆமாம் அல்லது இல்லை போடுவது. பேருந்தின் நீளம் 2 சென்டிமீட்டர், நடக்குமா? ஒரு இட்லி 900 ரூபாய், நடக்குமா? நானே கன்னாபின்னாவென்று கேள்விகள் செய்வேன். முதலில் உதட்டோரம் சிரிப்பாள், பிறகு அவளும் செய்யத் தொடங்கினாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு பெருக்கலில் அதே மாதிரி தப்பு வந்தது. இந்த முறை பக்கத்தைப் புரட்டவில்லை. நோட்டைப் பார்த்துக் குபீரென்று சிரித்தாள். "மிஸ், தாத்தாவுக்கு அறுநூத்திப் பதினஞ்சு வயசாம்!" ரப்பரை எடுத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. தன் விடை பொருந்தவில்லை என்று அவளுக்கே சிரிப்பு வந்ததில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எந்தத் தேர்ச்சி சதவீதமும் தராது. தேர்வில் கிடைக்கும் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் அவசியம்தான், அதற்காக அலைந்திருக்கிறோம். அந்தக் கூடுதல் நேரத்தில் பயந்துகொண்டு உட்காராமல் விடையைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு இப்போது தெரியும்.

கனமான நாட்கள் இல்லையா என்றால், உண்டு. வலிப்பு வந்து ஒரு வாரம் படுத்து எழும் பிள்ளை, கற்ற எண்களை விட்டுவிட்டு வரும். கோடை விடுமுறைக்குப் பிறகு பலர் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். "கணக்கு எதுக்கு டீச்சர், அவன் என்ன ஆபீசுக்கா போகப் போறான்?" என்று கேட்கும் வீடுகள் உண்டு, அந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும். அதே வீட்டிலிருந்து ஒருநாள் அம்மா வந்து, "நீலப் பாக்கெட் ரெண்டு, பச்சை ஒண்ணு வாங்கிட்டு மீதிக் காசையும் சரியாக் கொண்டாந்துட்டான்" என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். தொண்டு நிறுவனப் பள்ளிகளில் சம்பளம் குறைவாக இருக்கலாம், அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். பிள்ளையோடு சேர்ந்து சிரிக்கலாம். பிள்ளைக்குப் புரியாமல் பெரியவர்கள் தங்களுக்குள் சிரிப்பது கூடாது. போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது அறவே கூடாது. "சிரிக்காதீங்க, நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்று பிள்ளை சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். தொழிற்பயிற்சி வகுப்பில் ஒரு பெண் ஐந்து டம்ளர் டீக்கு, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் வீதம், எட்டு ஸ்பூன் சர்க்கரை மட்டும் போட்டாள். புதிதாக வந்த டீச்சர் சிரித்துக்கொண்டே திருத்தப் போனார். "பெரிய மிஸ்ஸுக்கு சுகர் இருக்கு, அவங்களுக்குப் போடக்கூடாது" என்று அவள் கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். நாலு டம்ளர், எட்டு ஸ்பூன். ஏன் என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

நீங்கள் கணிதம் படித்தவர் என்பது எங்களுக்கு லாபம். 35 என்ற விடை எந்தப் படியில் பிறந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். படிப்பைப் பொறுத்தவரை, ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் உள்ள படிப்பா என்று மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவர்தான் சிறப்புக் கல்வியாளராகப் பணிபுரியலாம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்தில் இந்தப் படிப்புகள் உண்டு. சேரும் முன் பக்கத்தில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காலை பிரார்த்தனை, விழா ஒத்திகை என்று காட்டுவார்கள், அதெல்லாம் சரி, கணக்குப் பீரியட் எப்போது என்று கேட்டு அதில் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரைக்கு முன்னால் போய்விடுங்கள்.